முப்பத்தாறு சேலைத் தூரம்

பாண்டிராஜுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆகாது. மற்ற ஆறு நாளும் தறி ஓடும். நாலு விசைத்தறி ஓடுகிற ஷெட்டுக்குள் யாரும் யாரையும் எதுவும் கேட்க முடியாது. அது அவனுக்கு வசதி. ஞாயிற்றுக்கிழமை தறி நின்றுவிடும். மனைவி கோகிலா கண்ணை மூடி ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. முப்பத்தொரு வயது ஆள் காலையில் ஒரே ஒரு தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பொழுது சாயும்வரை என்ன செய்வான்?

அதனால்தான் ஹபீப் முகம்மது வந்து கூப்பிட்டபோது எழுந்து போனான். சேவை செய்கிற எண்ணம் ஒன்றும் கிடையாது.

ஹபீப், சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரும்புக் கடை வைத்திருப்பவர். பேனரில் 'ஞாயிறு நண்பர்கள்' என்று போட்டிருக்கும். ஊரில் 'ஞாயித்துக்கிழமை ஆளுக' என்றால்தான் தெரியும். மொத்தம் பதினோரு பேர். வாரம் ஒரு அரசுப் பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள். சுவருக்கு வெள்ளையடிப்பார்கள், கக்கூஸுக்குத் தண்ணீர்த் தொட்டி வைப்பார்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் குளத்தங்கரையில் பனங்கொட்டை ஊன்றுவார்கள். ஒருமுறை குளத்தில் கூழைக்கடாப் பறவை வந்திருக்கிறது என்று நாற்பது பிள்ளைகளை நடத்திக் கூட்டிப் போனார்கள். நாற்பது பிள்ளைகள் போட்ட சத்தத்தில் கூழைக்கடா போய்விட்டது. பிள்ளைகளுக்கு அதுவே சந்தோஷம்.

பாண்டிராஜ் சொன்ன வேலையைச் செய்வான். மண்வெட்டி கொடுத்தால் வெட்டுவான், வாளி கொடுத்தால் சுமப்பான். வாய் மட்டும் திறக்கமாட்டான். யாரும் அவனை வற்புறுத்தவும் இல்லை.

சித்திரை விடுமுறையில் மைதான வேலை வந்தது. பனவடலிசத்திரத்துக்கு இரண்டு மைல் தள்ளி ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி. அதன் பின்பக்கம் மூன்று ஏக்கர், ஏட்டில் விளையாட்டு மைதானம்; கண்ணுக்கு முழுக்கச் சீமைக் கருவேலம். முள்ளுக்கு அடியில் கரிசல். கோடையில் வெடிப்புக்குள் விழுந்த பந்து திரும்பாது. மழை பெய்தால் மண்ணே ஆளைப் பிடித்து நிறுத்திவிடும்.

ஆறு ஞாயிற்றுக்கிழமை வெட்டினார்கள். வேரோடு பிடுங்கினார்கள். பள்ளிக்கூடத்துக்கு அடுத்த புஞ்சை வீரபாண்டியுடையது. சும்மா வேடிக்கை பார்க்க வந்த மனுஷன், இரண்டாவது வாரமே டிராக்டரோடு வந்துவிட்டார். அவர்தான் செம்மண் கொண்டுவந்து கொட்டினார். எத்தனை நடை என்று கேட்டால், "எம் மவ கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு நடக்கல" என்பார்.

மண் பரப்பி உருளை ஓட்டியாயிற்று. இனி ஓடுதளத்துக்குக் கோடு போடவேண்டும். ஒரு சுற்று இருநூறு மீட்டர்.

"கடையில முப்பது மீட்டர் டேப் கெடக்கு. அடுத்த வாரம் கொண்டாறேன்" என்றார் ஹபீப்.

அப்போதுதான் பாண்டிராஜ் வாயைத் திறந்தான்.

"டேப் வேண்டாம் பாய். முப்பது மீட்டர்னா ஏழு தடவை மாத்தி மாத்திப் பிடிக்கணும். ஒவ்வொரு தடவையும் ஒரு விரக்கடை தப்பும். வளைவுல டேப் படுக்காது. ஒரே இழையா நூல் இருந்தா சுத்தி விட்டுட்டு, அது மேல சுண்ணாம்பு போட்டுட்டுப் போயிரலாம்."

"இருநூறு மீட்டர் நூலை எதை வச்சு அளப்பீரு?"

"பாவு ஓட்டுற எடத்துல ஓட்டி வாங்கிருவேன். முப்பத்தாறு சேலைப் பாவு. சேலை அஞ்சரை மீட்டர். நூத்தித் தொண்ணூத்தெட்டு. மிச்சம் ரெண்டு மீட்டரை நாமளே ஒட்டிக்கிடலாம்."

தறியில் நீளவாக்கில் கட்டுகிற நூல்தான் பாவு. சங்கரன்கோவிலில் பாதிப் பேருக்கு அதுதான் சோறு. அங்கே பாவை மீட்டரில் யாரும் சொல்வதில்லை. இத்தனை சேலைப் பாவு என்பார்கள். அதில் தப்பு வந்ததாகவும் யாரும் கேள்விப்பட்டதில்லை.

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கணக்கு சரியா என்று யாரும் யோசிக்கவில்லை. இந்தப் பையன் ஒரு மூச்சில் இவ்வளவு பேசி அவர்கள் கேட்டதே இல்லை. அதை எப்படி மறுத்துப் பேசுவது?

"பி.எஸ்ஸி. கணக்குலா. அவன் சொன்னா சரியா இருக்கும்" என்று வீரபாண்டி முடித்துவைத்தார்.

அப்படித்தான் நூல் வந்தது. கட்டைகள் அடித்து, நேர்கோடு இரண்டு, வளைவு இரண்டு என்று நூலைச் சுற்றி விட்டார்கள். டேப் படுக்காத வளைவில்கூட நூல் படுத்துக் கிடந்தது. அதன்மேல் சுண்ணாம்பு விழுந்தபோது, கரிசலுக்கு நடுவே சிவப்பாகக் கிடந்த அந்த மண்ணில் ஒரு வெள்ளைக் கோடு சுற்றிவந்து தன் வாலைத் தானே தொட்டது. ஹபீப் ஒரு கல் வெட்டி நட்டார்: 'இருநூறு மீட்டர் ஓடுதளம். ஞாயிறு நண்பர்கள்.'

ஜூனில் பள்ளி திறந்தது. புதிதாக மாற்றலாகி ஒரு விளையாட்டு ஆசிரியை வந்தார். ஜாய்ஸ். நாசரேத்துப் பக்கம். கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். கல்லைப் படித்தார், மைதானத்தைப் பார்த்தார், "இந்தப் பக்கத்துல இப்படி ஒண்ணு நான் பார்த்ததில்ல" என்றார். பதினோரு பேரும் அன்றைக்கு இரண்டு டீ கூடுதலாகக் குடித்தார்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் படிக்கிறவள் முத்துமாரி. கம்பு மாதிரி ஒல்லி. மைதானம் வருவதற்கு முன்னால் அவள் தார்ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தாள். ரோட்டோரம் கிலோமீட்டர் கல்லுக்கு நடுவே சின்னச் சின்னக் கல் நட்டிருக்கும், இருநூறு மீட்டருக்கு ஒன்று. ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு ஓடுவாள். வீரபாண்டி வரப்பில் நின்றபடி செல்போனில் நேரம் பார்ப்பார். இருபத்தெட்டு செகண்டு என்பார். பிறகு காற்றாலை இறக்கை ஏற்றிய நீள லாரிகள் அந்த வழியில் வர ஆரம்பித்தன. ரோட்டில் ஓடக்கூடாது என்று அவள் அம்மா சொல்லிவிட்டாள். உண்மையில் அந்த மைதானத்தையே வீரபாண்டி அவளை மனதில் வைத்துத்தான் இழுத்துப் போட்டுச் செய்தார்.

ஆவணி பிறக்கும்போது செய்தி வந்தது. விளையாட்டு விடுதியில் ஓட்டத்துக்கு இரண்டு பெண் பிள்ளைகளுக்கு இடம் காலி. தென்காசியில் புதன்கிழமை தேர்வு. சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அங்கேயே. ஒரே நிபந்தனை. இருநூறு மீட்டரை இருபத்தொன்பது செகண்டுக்குள் ஓடியதாக விளையாட்டு ஆசிரியர் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். பெயர் கொடுக்க அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஐந்து மணி கடைசி.

முத்துமாரி அதைக் கேட்டதிலிருந்து வேறு எதையும் கேட்கவில்லை. ஜூனிலிருந்து தினமும் ஓடுவதுதான், காலையில் மூன்று சுற்று, சாயங்காலம் மூன்று சுற்று. இப்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஜாய்ஸ் நேரம் பார்த்தார். முப்பது. முப்பது புள்ளி மூன்று. முப்பது புள்ளி ஒன்று. ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு ஓடி, கோட்டைத் தாண்டி விழுந்து, முழங்கால் உரிந்து எழுந்தாள். முப்பது.

ஞாயிறு நண்பர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். செம்மண் காலை இழுக்கிறது என்றார் ஒருவர். தாங்கள் வாங்கிக் கொடுத்த ஷூ கனம் என்றார் இன்னொருவர். ஷூவைக் கழற்றி ஓடினாள். முப்பது புள்ளி இரண்டு. ஆடிக் காற்று இன்னும் அடங்கவில்லை என்றார்கள். காற்று அடங்கிய நேரம் பார்த்து ஓடவிட்டார்கள். அதுவும் முப்பதுதான்.

"ரோட்டுல இருபத்தெட்டுல ஓடுன பிள்ளைம்மா. என் செல்லுல நானே பாத்தேன்" என்று வீரபாண்டி ஜாய்ஸிடம் மல்லுக்கு நின்றார்.

"உங்க செல்லுல பாத்தா நான்கூட ஜெயிப்பேன் அண்ணாச்சி" என்றார் ஜாய்ஸ். சிரித்துத்தான் சொன்னார். ஆனால் வியாழக்கிழமை சாயங்காலம் கடைசி முறை ஓடவிட்டு, வாட்சைப் பார்த்துவிட்டு, அவர் சிரிக்கவில்லை. "முடியல முத்துமாரி. பொய் எழுத என்னால முடியாது. அடுத்த வருஷம் பார்ப்போம்."

முத்துமாரி அழவில்லை. ஷூவை நன்றாகத் துடைத்து, லேஸை உள்ளே செருகி, ஆபீஸ் அறையில் வைத்துவிட்டுப் போனாள். ஹபீப் அன்றிரவு போனில் இதைச் சொன்னபோது பாண்டிராஜ் "சரி பாய்" என்று மட்டும் சொன்னான். அவனுக்கு எல்லாச் செய்தியும் ஒரே மாதிரித்தான் காதில் விழும். ஷூவைத் துடைத்து வைத்தாள் என்பது மட்டும் எங்கேயோ கொஞ்சம் குத்தியது.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி. மூன்றாவது தறியில் நிற்கிற பேச்சித்தாய் தறியை நிறுத்திவிட்டு அவனைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். பத்து வருஷமாகத் தறியில் நிற்கிறவள். காரணம் இல்லாமல் நிறுத்தமாட்டாள்.

"தம்பி, இந்தப் பாவுல முப்பத்தாறு சேலை வராது. முப்பத்தஞ்சுதான். ஒண்ணு கொறையும். இப்பவே சொல்லிட்டேன், பொறவு என் தலையில போடாதிய."

"ஏன் குறையும்?"

"குறுக்க போற நூலு தடிமனால்லா அனுப்பிருக்கான். பாவு நூலு அது மேல ஏறி எறங்கி, ஏறி எறங்கித்தான போவணும்? தடிமன் கூடக்கூட நீளத்தத் தின்னுரும். நூலு துணியாவும்போது சுருங்கும், ஒமக்குத் தெரியாததா?"

"அதுக்குத்தான் பாவு ஓட்டும்போதே சேத்து ஓட்டுவாங்களே."

"நூத்துக்கு ஏழு சேத்துத்தான் ஓட்டியிருப்பாவ. எப்பவும் உள்ளது. இந்தக் கனத்துக்கு அது பத்தாதுங்கேன்."

பாண்டிராஜ் தலையாட்டிவிட்டுத் திரும்பினான். மூன்று எட்டு வைத்தான். நின்றான்.

நூற்றுக்கு ஏழு.

இருநூறுக்குப் பதினான்கு.

அவன் பிறந்ததே தறிக்கு அடியில். முப்பத்தாறு சேலை நெய்யவேண்டுமானால் முப்பத்தாறு சேலை நீளத்துக்கும் மேலே நூல் வேண்டும் என்பது அவனுக்கு யாரும் சொல்லித் தெரிந்தது அல்ல. சாப்பிட வாயைத் திறக்கவேண்டும் என்பது மாதிரி. அதனாலேயே ஞாபகம் வரவில்லை. மைதானத்தில் நெய்வதற்கு ஒன்றும் இல்லை. நூல் அங்கே நூலாகவே கிடந்தது. சுருங்கவே இல்லை.

ஷெட்டுக்கு வெளியே வந்து பாவு ஓட்டுகிற பீர் மைதீனுக்குப் போன் போட்டான்.

"பாய், வைகாசியில எனக்கு முப்பத்தாறு சேலைக்கு ஒத்தை இழை ஓட்டித் தந்தீங்களே. சேத்தா ஓட்டினீங்க?"

"பின்ன? சேக்காம ஓட்டினா நீரு சேலை கொறையுதுன்னு வந்து வாசல்ல நிப்பீருல்லா. எதுக்குவே கேக்கீரு?"

பாண்டிராஜ் போனை வைத்தான். பைக்கை எடுத்தான்.

இரும்புக் கடையில் ஹபீப் யாருக்கோ ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்.

"முப்பது மீட்டர் டேப்பை எடுங்க பாய். கடையைப் பூட்டுங்க."

"என்ன மக்கா?"

"தப்பு பண்ணிட்டேன். போகும்போது சொல்லுதேன்."

பைக்கில் போகிற பதினைந்து கிலோமீட்டரிலும் அவன் சொன்னான். காற்றில் பாதி ஹபீபுக்குக் கேட்கவில்லை. கேட்ட பாதியே போதுமாக இருந்தது.

பள்ளிக்கூடத்தில் மத்தியான மணி அடித்திருந்தது. ஜாய்ஸ் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவர் அப்படியே மூடிவிட்டு வந்தார். டேப்பை அவரே பிடித்தார். வளைவில் கயிறு போட்டுக் கயிற்றை அளந்தார். நேர்கோட்டை இரண்டு தரம் அளந்தார். சத்துணவுத் தட்டோடு பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். வெயிலில் ஹபீபின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

இருநூற்றுப் பதினான்குக்குப் பத்து சென்டிமீட்டர் குறைவு.

ஜாய்ஸ் கல்லைப் பார்த்தார். ஹபீபும் கல்லைப் பார்த்தார்.

"கல்லுல வெட்டியிருந்தது. நான் அளக்கவே இல்ல" என்றார் ஜாய்ஸ். "என் தப்பும் இருக்கு."

"இல்ல மேடம்" என்றான் பாண்டிராஜ். "நூல் என்னது."

ஜாய்ஸ் அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்திருந்தார். வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார். பதினான்கு மீட்டருக்கு இரண்டு செகண்டு. முப்பது, முப்பதல்ல. அவர் முகம் மாறியது. "இருபத்தெட்டு. வீரபாண்டி அண்ணாச்சி செல் சரியாத்தான் காட்டியிருக்கு. ஐயோ, அவர்கிட்ட இதை யார் சொல்லுறது? ஒரு வருஷத்துக்குச் சொல்லிக்காட்டுவார்." உடனே அடுத்தது தோன்றியது. "முத்துமாரி எங்க? ஏட்டி, எட்டாங்கிளாஸ், முத்துமாரி எங்க?"

"இன்னிக்கு வரல மிஸ். அவ அம்மா கூடக் களை எடுக்கப் போயிட்டா."

"யார் பிஞ்சையில?"

"வீரபாண்டி தாத்தா மக்காச்சோளத்துல."

பாண்டிராஜ் ஓடினான். பைக் வாசலில் நின்றது. அவன் அதைத் தேடவில்லை. வேலி வழியாகவே இறங்கிப் போனான்.

மக்காச்சோளம் இடுப்பளவு நின்றது. பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். வரப்பில் வீரபாண்டி. மூச்சு வாங்க வந்து நின்றவனைப் பார்த்து அவர் பயந்துவிட்டார்.

"என்னடே, யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல." அவன் பெண்களுக்கு நடுவே முத்துமாரியைத் தேடிப் பிடித்தான். களைக்கொத்தியோடு நிமிர்ந்தாள். அவன் குழந்தைகளிடம் பேசிப் பழகியவன் அல்ல. பெரியவர்களிடம் சொல்வதுபோலச் சொன்னான். "முத்துமாரி, மைதானத்தை நான்தான் அளந்தேன். தப்பா அளந்துட்டேன். அது இருநூறு இல்ல. இருநூத்திப் பதினாலு. உன் மேல தப்பே கிடையாது. நீ இருபத்தெட்டுலதான் ஓடிட்டு இருந்திருக்க."

அவள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள்.

"அப்போ தெனமும் ஆறு சுத்து. ஒவ்வொரு சுத்துக்கும் பதினாலு மீட்டர் சும்மாவா ஓடுனேன்?"

"ஆமா."

"எல்லாத்தையும் கூட்டுனா பனவடலிக்கே போயிருக்கலாம்லா அண்ணே."

"போயிட்டு வந்தே இருக்கலாம்" என்றான் பாண்டிராஜ்.

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வீரபாண்டி மட்டும் சிரிக்கவில்லை. அவர் இடுப்பிலிருந்து செல்போனை எடுத்து, மேலும் கீழும் பார்த்து, துண்டால் துடைத்தார். "நான் அப்பவே சொன்னேன். என் செல்லு பொய் சொல்லாதுன்னு."

"அஞ்சு மணிக்குள்ள பேர் கொடுக்கணும். இப்ப ஓட முடியுமா?" என்று பாண்டிராஜ் கேட்டான்.

முத்துமாரி அம்மாவைப் பார்த்தாள். அவள் அம்மா குனிந்த தலை நிமிராமல், "நீ போ ஏட்டி. உன் வரிசையையும் நானே எடுத்துக்கிடுதேன்" என்றாள். அந்த வரிசை நீளமான வரிசை.

காலில் கரிசல் மண் அப்பியபடியே முத்துமாரி வந்தாள். கழுவச் சொன்னார்கள், நேரம் இல்லை என்றாள். ஆபீஸில் வைத்த ஷூவையும் கேட்கவில்லை. ஜாய்ஸ் பழைய கோட்டிலிருந்து பதினான்கு மீட்டர் முன்னால் புதிதாகச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார். அங்கிருந்து ஓடிப் பழைய கோட்டில் முடிக்கவேண்டும்.

பள்ளிக்கூடமே வெளியே வந்து நின்றது. விசில் ஊதியதும் கறுத்த இரண்டு பாதம் செம்மண்ணில் தெறித்துக்கொண்டு போயிற்று. முதல் வளைவு. எதிர்ப்பக்க நேர்கோடு. பாண்டிராஜின் கண் பிள்ளைமேல் இல்லை, ஜாய்ஸின் கட்டைவிரல்மேல் இருந்தது. கட்டைவிரல் அழுந்தியது.

"இருபத்தெட்டு புள்ளி ரெண்டு" என்றார் ஜாய்ஸ்.

யாரும் பேசுவதற்குள் அவர் கையை உயர்த்தினார். "இன்னொரு தடவை. அரை மணி நேரம் கழிச்சு. என் கையெழுத்து, நான் சரிபார்க்கணும்."

இரண்டாம் தடவை இருபத்தெட்டு புள்ளி நான்கு. நாலு மணி பத்துக்கு ஜாய்ஸ் பெயரை ஏற்றினார். பதிவாகிவிட்டது என்று செய்தி வந்ததும் செல்போனை மேஜையில் வைத்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தார்.

சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். நாலு நாள். புதுக் கோட்டில் ஓடிப் பழகச் சொன்னார் ஜாய்ஸ். முத்துமாரி கேட்கவில்லை. "பழைய கோட்டுலயே ஓடுதேன் மிஸ். அதான் பழகிட்டு" என்றாள். பதினான்கு மீட்டர் அவளுக்குச் சொந்தமாகிவிட்டது.

புதன்கிழமை பாண்டிராஜ் தறியை நிறுத்தினான். வேலைநாளில் அவன் தறியை நிறுத்தியதைக் கடைசியாக எந்த நாளில் பார்த்தோம் என்று பேச்சித்தாய்க்குத் தெரியும். அவள் அதைச் சொல்லவில்லை. "போயிட்டு ஜெயிச்சுட்டு வாங்க" என்றாள், அவனே ஓடப்போவதுபோல.

தென்காசியில் மலைப்பக்கமிருந்து சாரல் விழுந்துகொண்டிருந்தது. பெரிய மைதானம். இங்கே இருநூறு மீட்டர் என்பது பாதிச் சுற்றுதான். ஒரு வளைவு, ஒரு நேர்கோடு. எட்டுப் பிள்ளைகள். மற்ற ஏழு பேருக்கும் ஆணி வைத்த ஷூ. முத்துமாரி நண்பர்கள் வாங்கிக் கொடுத்த ஷூவைக் கழற்றிப் பாண்டிராஜ் கையில் கொடுத்தாள். "பத்திரம்ண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பதினோரு பேரும் கம்பி வேலிக்கு வெளியே நின்றார்கள். வீரபாண்டி செல்போனைத் தயாராகப் பிடித்திருந்தார். இந்தமுறை ஜாய்ஸ் ஒன்றும் சொல்லவில்லை.

துப்பாக்கிச் சத்தம். வளைவில் நாலாவதாக வந்தாள். வளைவு முடியும்போது மூன்றாவது. நேர்கோட்டில் பாதி தூரம் இருக்கும்போது முன்னால் போன இரண்டு பேருக்கும் தோள் இறுக ஆரம்பித்தது. பார்த்தாலே தெரிந்தது. அவர்கள் தங்களிடம் இருந்ததை அந்தக் கோடு வரைக்கும் அளந்து வைத்திருந்தார்கள். முத்துமாரி இருநூற்றுப் பதினான்குக்கு வைத்திருந்தாள். எண்பது நாள் அவள் கால் படித்த பாடம் அது. முப்பது மீட்டர் இருக்கும்போது ஒருத்தியைத் தாண்டினாள். பத்து மீட்டரில் இன்னொருத்தியை. கோட்டை முதலாவதாகக் கடந்தாள்.

கடந்தவள் நிற்கவில்லை. வேகம் குறையவும் இல்லை. மற்றவர்கள் கையை இடுப்பில் வைத்துத் தள்ளாட, அவள் மட்டும் இன்னும் முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தாள். கொடி பிடித்த ஆள், "ஏ பிள்ள, முடிஞ்சிட்டு" என்று கத்தினார். பதினான்கு மீட்டர் தள்ளி, கோடே இல்லாத இடத்தில், நெஞ்சை முன்னால் தள்ளி ஓட்டத்தை முடித்தாள். அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்தாள், தன்னோடு ஓடியவர்கள் ஏன் அவ்வளவு பின்னால் நிற்கிறார்கள் என்று.

இருபத்தேழு புள்ளி ஆறு. ஒலிபெருக்கியில் அவள் பெயரை முதலில் வாசித்தார்கள். இரண்டு இடத்தில் முதல் இடம் அவளுக்கு.

பாண்டிராஜ் அதைக் கேட்டபோது, தான் நின்ற இடத்தில் தான் இல்லை என்பதைக் கவனித்தான். வேலியின் அடுத்த முனையில் நின்றான். கையில் ஷூ இருந்தது. செருப்பு ஒன்று இல்லை, வழியில் எங்கேயோ கழன்று கிடந்தது. நேர்கோடு முழுக்க அவளோடு வேலிக்கு வெளியே ஓடியிருக்கிறான். தொண்டை எரிந்தது. என்ன கத்தினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

ஹபீப் அந்த ஒற்றைச் செருப்பைத் தூக்கிக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி வந்துசேர்ந்தார்.

"என்னவே, உமக்கும் விடுதியில ஒரு எடம் கேட்டுப் பாக்கட்டா?"

பாண்டிராஜ் சிரித்தான். சத்தமாகச் சிரித்தான். ஹபீப் அதை வேடிக்கை பார்க்காமல், மலையில் மேகம் எப்படி இறங்குகிறது என்று பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள், தப்பைத் திருத்த. கல்லைப் பிடுங்கிவிடலாம் என்றார் ஹபீப். "நான் செம்மண் அடிச்சது இருநூத்திப் பதினாலுக்கு. ஒரு மீட்டர்கூடக் குறைக்க விடமாட்டேன்" என்று வீரபாண்டி கல்லின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். கடைசியில் கல் அப்படியே இருக்கட்டும், கீழே ஒரு வரி சேர்த்து வெட்டலாம் என்று முடிவாயிற்று: 'அளந்து பார்த்ததில் பதினான்கு கூடுதல்.' ஓட்டத்துக்கு நேரம் எடுக்கப் பாண்டிராஜ் புதுக் கோட்டை நன்றாக அழுத்திப் போட்டான்.

முத்துமாரி மறுநாள் விடுதிக்குக் கிளம்புகிறாள். பெட்டி வாங்கப் போயிருந்தாள். அவள் இல்லாத மைதானத்தில் ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் ஓட வந்து நின்றார்கள். பாண்டிராஜ் ஜாய்ஸின் வாட்சைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவர்களைப் புதுக் கோட்டுக்குக் கூப்பிட்டான். ஒருத்தியும் வரவில்லை. பழைய கோட்டில் கால்விரலைச் சரியாக வைத்து, வரிசையாகக் குனிந்திருந்தார்கள்.

"இங்கன வாங்க மக்கா. இதுதான் இருநூறு."

முன்பல் விழுந்த ஒரு பிள்ளை தலையை மட்டும் தூக்கினாள்.

"அது மத்த பள்ளிக்கூடத்துக்குண்ணே. நாங்க இங்கனயிருந்துதான் ஓடுவோம். நீங்க ஊதுங்க."

அவன் பழைய கோட்டுக்கு நடந்து போனான். விசிலை வாயில் வைத்தான். ஊதினான்.